ஒரு சொட்டு கூடினாலும்

— சரி சார், ரிவர்ஸ்ல போட்டா என்ன பண்ணுது?

— போட்ட உடனே ஒண்ணும் பண்ணாது. கம்முனு நிக்கும். அப்புறம் முதுகுல குத்தின மாதிரி ஒரு உதை உதைச்சிட்டுப் பின்னாடி போகும்.

— முன்னாடி போறப்போ?

— ரெண்டாவது கியர் வரைக்கும் தானா ஏறிடுது. மூணாவதுக்கு மாறணும் பாரு, அங்கதான் மக்கர். எஞ்சின் உயிர் போற மாதிரி கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. பாலத்து மேல பின்னாடி வந்தவன் எல்லாம் ஹாரன் அடிச்சே என் மானத்தை வாங்கிட்டான்.

— நான்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே தம்பி, இந்த வண்டியை நம்பி மருமக அவ்வளவு தூரம் போக வேணாம்னு. அதுவும் குழந்தையை வேற பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு! என் பேச்சை யாரு கேக்குறா?

— நீ கொஞ்சம் சும்மா இரு. கியரைப் பத்தித்தானே கேக்குறான்?

— இருக்கட்டும் சார். அம்மா, நீங்க அந்த ஸ்டூல்ல உட்காருங்க, ஷெட்டுத் தரை வழுக்கும். டேஷ்போர்டுல லைட் ஏதாவது கண் சிமிட்டிச்சா சார்?

— இல்ல.

— கிளம்பினதுமே படுத்துதா, ஓடிச் சூடானப்புறமா?

— சூடானப்புறம்தான். வாசல்ல இருந்து கிளம்புறப்போ சமத்தா வந்துச்சு.

— பழைய ஆட்டோமேட்டிக் வேணாண்டான்னு உங்க பையன்கிட்ட அன்னிக்கே சொன்னேன். கேட்டானா? 'டேய், என் பொண்டாட்டிக்கு க்ளட்ச் வராதுடா, ஊர்ல இருக்கிற நாய் பூனையெல்லாம் பாவம்'னு சிரிக்கிறான். சரி, எஞ்சினை அணைக்காதீங்க. கியர் ஆயிலை வண்டி சூடா ஓடிக்கிட்டிருக்கிறப்பதான் பார்க்கணும். இந்த ஸ்டிக்கை உருவித் துடைச்சு, மறுபடி விட்டு எடுத்தா… அடக் கடவுளே!

— என்னப்பா?

— இதைப் பாருங்க. செவசெவன்னு தெளிவா இருக்க வேண்டிய ஆயில், துணி துவைச்ச தண்ணி மாதிரி நுரைச்சுக் கிடக்குது.

— அப்போ கியர்பாக்ஸ் போயிடுச்சா?

— மோந்து பாருங்க. கருகின வாடை இல்ல. தப்பிச்சோம் சார்.

— ஓ.

— என்ன சார், 'அப்பாடா'ம்பீங்கன்னு பார்த்தா முகம் தொங்கிப் போச்சு? கேளுங்க, ஆயில் மேல் கோட்டைத் தாண்டி எங்கயோ நிக்குது. அளவுக்கு மேல போச்சுன்னா உள்ள சுத்துறதெல்லாம் சேர்ந்து அதைக் கடைஞ்சு நுரையாக்கிடும். நுரைக்குப் பலம் ஏது? கியரை அழுத்திப் பிடிக்காது. அதான் கத்துதே ஒழிய நகர மாட்டேங்குது. யாரு ஊத்தினது?

— நாங்க எதுக்கு ஊத்தப் போறோம்?

— போன தடவை வீட்டுக்கு வந்தப்போ எல்லாரையும் வச்சுக்கிட்டுப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார்! குறைஞ்சாலும் கெடும், ஒரு சொட்டு கூடினாலும் கெடும், நீங்களா கை வச்சிடாதீங்கன்னு.

— சொன்னே. சொன்னே.

— தம்பி, இதைச் சரி பண்ண எவ்வளவு நாளாகும்?

— நாளா? என்னம்மா நீங்க! இந்த ஆயிலை இறக்கிட்டுப் புதுசா அளவா ஊத்தி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தா முடிஞ்சுது சோலி. மத்தியானம் தங்கச்சி கிளம்புறதுக்குள்ள வாசல்ல கொண்டாந்து நிறுத்திடறேன்.

— மத்தியானத்துக்குள்ளயேவா?

— ஏம்மா, என்னாச்சு? ஏன் கண் கலங்குது?

— ஒண்ணுமில்ல. பெட்ரோல் வாடை. தம்பி, அவசரமே இல்லப்பா. நிதானமா பண்ணு. எல்லாத்தையும் கழட்டிப் போட்டுப் பாரு. ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்ல.

— இந்தா, என்ன பேச்சு பேசறே நீ? இன்னிக்குக் கிளம்பி வர்றாள்னு அவ அண்ணனுக்குச் சொல்லியாச்சு. அங்க வேலை பார்த்து, வீடு பார்த்து, குட்டிக்கு ஸ்கூல் பார்த்து வச்சுக்கிட்டு அவன் காத்துக்கிட்டிருக்கான்.

— பார்ப்பான், எல்லாம் பார்ப்பான். குட்டி ராத்திரி முழிச்சா யாரைத் தேடும்னு அவன் பார்த்தானா?

— ஏய்… இரு. என்னைப் பார்த்துச் சொல்லு. நீதானே ஊத்தினே?

— என்னையா?

— உன்னைத்தான் கேக்குறேன்!

— ஆமா! நான்தான்! இப்ப என்னங்கறீங்க? 'ஒரு சொட்டு கூடினாலும் கெடும்'னு தம்பி சொன்னது காதுல அப்படியே நின்னு போச்சு. உங்க பையன் வாங்கி வச்ச டப்பா டிக்கியில கிடந்துச்சு. அவசரத்துல பாதி தரையில போச்சு, மீதியை ஊத்திட்டேன். வண்டி ஓடலேன்னா அவ ரெண்டு நாள் கூட இருப்பா. குட்டி ரெண்டு நாள் கூட என் வயித்து மேல காலைப் போட்டுத் தூங்கும். வேற என்ன பேராசைப்பட்டுட்டேன் நான்?

— அறிவிருக்கா உனக்கு? ஆளில்லாத ரோட்டுல அந்தப் பொண்ணு பச்சைக் குழந்தையோட நின்னிருந்தா என்ன கதி?

— அது தெரியாதா எனக்கு? அதுக்குத்தானே கிளம்புறதுக்கு முன்னாடி ஷெட்டுல காட்டியே ஆகணும்னு காலையில இருந்து உங்க உயிரை எடுத்தேன்!

— சார், விடுங்க. பாவம், திட்டாதீங்க. ஆனா அம்மா, ஒண்ணு கேளுங்க. அரை டப்பாவுக்கு இவ்வளவு நுரை வராது. இது வேற ஏதோ…

— வேற என்ன? நான் பொய் சொல்றேனா? ஏங்க, நீங்களே சொல்லுங்க. ஏங்க? ஏன் தரையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?

— நானும் ஊத்தினேன்.

— என்னது?

— கடைக்குப் போய் முழுசா ஒரு டப்பா வாங்கியாந்து ஊத்தினேன். போதுமா?

— அடப்பாவி மனுஷா! 'போம்மா, போய் நல்லா இரும்மா'ன்னு அவகிட்ட முதல்ல வாயைத் திறந்ததே நீங்கதானே! நான் ஒரு வார்த்தை பேச வந்தா கண்ணாலயே மிரட்டுனீங்களே!

— வேற என்னடி சொல்லச் சொல்றே? பையன் செத்துட்டான். அவளுக்கு இன்னும் வயசிருக்கு. ரெண்டு கிழங்களுக்குக் காவலா இங்கயே கிடம்மான்னு எந்த வாயால சொல்லுவேன்? புத்தி 'அனுப்பு, அனுப்பு'ங்குது. கை போய் ஆயிலை ஊத்துது. நேத்து குட்டி என் செருப்பை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டுப் போயிட்டு வருது. 'தாத்தா, ஊருக்குப் போயிட்டேன். தாத்தா, வந்துட்டேன்'னு விளையாடுது. வந்துட்டேன்னு சொல்றப்போ சிரிக்கணுமாம் நான். முடியலப்பா. என்னால முடியல.

— சார்… சார், இப்படி உட்காருங்க. அவன் போனப்போ கூட நீங்க அழுது நான் பார்க்கல.

— அன்னிக்கு இவங்க மூணு பேரைத் தேத்தணுமே. அழுறதுக்கு எங்க நேரம்?

— ஏங்க, நாம வாய்விட்டுக் கேட்டுடலாமா? 'போகாதேம்மா'ன்னு ஒரே ஒரு தடவை?

— வேணாம். கேட்டா அவளால மறுக்க முடியாது. நமக்காக இருந்துட்டு உள்ளுக்குள்ளயே வேகுவா. நீதான் பார்த்தியே, ரெண்டு நாளா பாட்டு முணுமுணுத்துக்கிட்டே பெட்டி கட்டுறா.

— ஆமா. அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. இத்தனை வருஷம் ஒரே அடுப்புல சமைச்சோம். அந்த முகம் ஒரு தடவையாவது வாடக் கூடாதா?

— வாடலேன்னா நல்லதுதான். போறவ சந்தோஷமாப் போகட்டும். தம்பி, கிழங்க பண்ணின கூத்து போதும். ஆயிலை இறக்கு. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது.

— சரி சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போல்ட்டைக் கழட்டறேன். சூடா கொட்டும்.

— தம்பி, உன் போன் அடிக்குது.

— கை பூரா ஆயில். நீங்களே எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்கம்மா. யாரு?

— எங்க மருமகதான்.

— ஹலோ, சொல்லு தங்கச்சி.

— அண்ணா, அத்தையும் மாமாவும் பக்கத்துல இருக்காங்களா?

— அது வந்து…

— இல்லைன்னு சொல்லுப்பா. மெதுவா, மெதுவா.

— இல்லம்மா. டீ குடிக்கப் போயிருக்காங்க. என்ன விஷயம்?

— வண்டியில என்ன கோளாறுன்னு தெரிஞ்சுடுச்சா?

— தெரிஞ்சுடுச்சு. சின்ன வேலைதான். மத்தியானம் நீ கிளம்பலாம், கவலையே படாதே.

— ஐயோ, வேணாண்ணா! உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், கியர்பாக்ஸே போயிடுச்சு, இது இனிமே ஓடாதுன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க. மாமா தினமும் போ போங்கறாரு, அத்தை போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லல. என் முகத்தைப் பார்த்தாலே பையன் ஞாபகம் வந்து வலிக்குது போல, பாவம், அதான் நானும் சிரிச்சுக்கிட்டே பெட்டி கட்டினேன். ஆனா என்னால முடியலண்ணா… அவங்க ரெண்டு பேரும் கடைக்குப் போயிருந்தப்போ கியர் ஆயிலை அளவுக்கு மேல ஊத்தினது நான்தான்.