பிராம்ஸின் தாளை வைத்துப் புதுப் படைப்பை வாசித்த ரோஸ்விதா கைஸ்லிங்கருக்கு

வயோலாவின் வளமே! வாசிப்பில் வாய்மையே! வயலினின் அக்காளான வயோலாவில், அதுவும் இரண்டாம் இருக்கையில் அமர்ந்தும் எங்கள் ஐவரில் முதற்செவியாக விளங்கியவரே! பணி நிறைவு பெறும் தங்களை, வியன்னா லெர்கன்ஃபெல்ட் அறையிசைக் குழுவின் நால்வர் நாங்கள் நன்றியோடு வணங்குகிறோம்.

முப்பத்தோர் ஆண்டுகள்! ஒவ்வொரு கச்சேரியிலும் பழைய மேதை பிராம்ஸின் படைப்பு ஒன்று, இளையவர் ஒருவரின் புதுப் படைப்பு ஒன்று என்பது நம் குழுவின் வழக்கம். முன்னதை ஊர் கேட்டது. பின்னதைத் தாங்கள் கேட்கவைத்தீர்கள். தங்கள் பெருமைகளை வரிசைப்படுத்தினால் விருந்துக்கு வைத்திருக்கும் சூப் ஆறிவிடும். எனவே ஒரு காலைப்பொழுதை மட்டும் நினைவுகூர்கிறோம்.

இளம் இசையமைப்பாளர் யுடித் ஹோல்ட்ஸர் ஷ்டையர் ஊரிலிருந்து, ஐந்து கருவிகளுக்கு எழுதிய தம் முதல் ஐவரிசையோடு வந்திருந்தார். அதுவரை அவர் எழுதிய எதுவும் மேடை ஏறியதில்லை. ஒத்திகை தொடங்கியது. தங்கள் இசைத்தாள் தாங்கியிலோ முந்தைய நாள் வாசித்த பிராம்ஸின் தாள் அப்படியே இருந்தது. மற்ற நால்வரும் யுடித்தை வாசிக்க, தாங்கள் பிராம்ஸை வாசித்தீர்கள். நான்கு வரிகள் அச்சாகப் பொருந்தின. ஐந்தாவதில்தான் இடித்தது.

நம் முதல் வயலின் கொன்ராட் வில்லைக் கீழே வைத்தார்.

"என்னம்மா இது? பிராம்ஸுக்குப் புதுச் சட்டை மாட்டிக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

யுடித்தின் முகம் வெளுத்துவிட்டது. "தெரியாம வந்துடுச்சு சார். பத்து வருஷமா அதையேதான் கேட்டுட்டிருக்கேன். குடுங்க, நான் ஊருக்கே போயிடறேன்." சொல்லிக்கொண்டே தாள்களைச் சேர்க்கத் தொடங்கினார்.

தாங்கள் எழுந்திருக்கக்கூட இல்லை.

"உக்காரு யுடித். தப்புத் தாள்னு எனக்கு ரெண்டாவது வரியிலேயே தெரிஞ்சுது. எதுவரைக்கும் பொருந்துதுன்னு பாக்கத்தான் நிறுத்தாம வாசிச்சேன். அஞ்சாவது வரியில நீ பிராம்ஸ விட்டுட்டு எங்கயோ போற. எங்க போறன்னு எழுது."

"ஜனங்க சிரிப்பாங்க ரோஸ்விதா," என்றார் கொன்ராட்.

"சிரிக்கட்டும். அவரு மட்டும் என்ன, முன்னாடி இருந்தவங்க இசையக் கேக்காமலா எழுதினாரு? நீ முதல்ல உன் வயலினோட 'ஈ' கம்பிக்கு சுருதி சரி பண்ணு."

யுடித் அந்த நான்கு வரிகளை மறைக்கவில்லை; எல்லோரும் அறியும்படி படைப்பின் தொடக்கத்திலேயே வைத்தார். அங்கிருந்து புறப்பட்டுத் தம் வழியே போனார். அரங்கேற்றத்தன்று முன்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தது உண்மை. ஐந்தாம் வரிக்குப் பின் யாரும் புன்னகைக்கவில்லை, இருமக்கூட இல்லை.

அதன்பின் இளையவர்கள் பிராம்ஸிடம் தாம் பட்ட கடனை ஒளிக்காமல் நம்மிடம் வந்தார்கள். சின்னஞ்சிறு சுரக்கோவையை மரமாக வளர்க்கும் வித்தையை ஒருவர் பிராம்ஸிடம் பெற்றிருந்தார். ஐந்து கருவிகளில் எதுவும் எடுபிடியாக இருக்கக்கூடாது என்பதை இன்னொருவர் பெற்றிருந்தார். அவரைப்போல எழுதவே கூடாது என்ற பிடிவாதத்தையும் ஒருவர் அவரிடமிருந்துதான் பெற்றார்! அத்தனை பேரிடமும் தாங்கள் கேட்டது ஒன்றே: "சரி, இதுல நீ எங்க இருக்க?"

செவிச்செல்வம் மிக்கவரே! இனி ஒத்திகை இல்லாத காலைகளில் நிதானமாகக் காபி அருந்துங்கள். டானூப் ஆற்றங்கரையில் நடந்து நலம் பெருக்குங்கள். நூறாண்டு நிறைவாய் வாழுங்கள்! எங்கள் கச்சேரிகளுக்கு வாருங்கள். பிடிக்காவிட்டால் முகத்தைச் சுளியுங்கள், அதுவும் எங்களுக்குத் தேவை.

குழுவில் இல்லாத ஒருவரும் இம்மடலில் கையொப்பமிட அனுமதி கேட்டார். அவர் எழுதித் தந்ததைத் திருத்தாமல் கீழே சேர்த்திருக்கிறோம்.

நன்றியுடன்,
கொன்ராட், வால்ட்ராவ்ட், எமெரிக், தியெட்லிண்ட்
லெர்கன்ஃபெல்ட் அறையிசைக் குழு, வியன்னா

"அன்னைக்கு நீங்க வாசிக்கறத நிறுத்தியிருந்தா, நான் எழுதறத நிறுத்தியிருப்பேன்."
— யுடித் ஹோல்ட்ஸர்