வெயிலாச்சி மோப்பு

முன்னொரு காலத்துல, இந்தப் பக்கம் பஸ்ஸே எட்டிப் பாக்காத காலத்துல, நம்ம கீழஓடைக்கரையில ஆத்தியப்பன்னு ஒரு சாமியாடி இருந்தாராம். உச்சினிமாகாளி கோயில் திருவிழா, அதான் கொடை, அதுக்குச் சாமி ஆடுதது அவுக வீட்டு உரிமை. காப்பு கட்டிட்டா மீன் வாடையே ஆகாது. பொண்டாட்டி வெயிலாச்சி புதுப்பானையில கஞ்சி வச்சு, அதைத்தான் குடுப்பாளாம்.

கொடையன்னைக்குக் கொட்டு முழங்குது, குலவை முழங்குது. ஆத்தியப்பன் வந்தாரு பாருங்க, ரெண்டு கண்ணும் பணியாரமா வீங்கிக் கெடக்கு! கிறுகிறுன்னு சுத்துதாரு, தூணைப் பிடிக்காரு.

"ஆத்தா இந்த வருசம் உக்கிரமால்லா வந்திருக்கா! கொட்டுங்கலே!"ன்னு ஊரே கத்துச்சு.

"மூச்சு முட்டுதுடே"ங்காரு அவரு.

"வெலகுங்கலே, ஆத்தாளுக்கு மூச்சு முட்டுதாம்!"

கூறுகெட்ட கூட்டம், இன்னும் ஓங்கிக் கொட்டுச்சாம்.

மனுசன் பொத்துன்னு விழுந்துட்டாரு. வெயிலாச்சி அவரு தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா. கொடை பாக்க வந்திருந்த டாக்டரு ஒருத்தரு, எங்க போனாலும் மருந்துப் பெட்டியத் தூக்கிட்டுப் போறவரு, ஓடி வந்தாரு.

"குளவி எதுவும் கொட்டுச்சா?" இல்ல. "புது மருந்து குடிச்சாரா?" இல்ல. "ஒண்ணுக்கு ஒழுங்காப் போறாரா?" அதெல்லாம் நல்லாப் போறாரு. "அப்போ என்னத்தத் தின்னாரு?"

"விரதம்யா, வெறுங்கஞ்சி!"ன்னு ஊரு சாட்சி சொல்லுச்சாம்.

வெயிலாச்சி குனிஞ்சு புருசன் வாயை மோந்தா. குப்புன்னு அடிச்சுது றால் வாடை! மறுவீட்டுக்குப் போன அன்னைக்கு அவ அம்மை வச்ச றால் கொழம்பத் தின்னுட்டு, இதே மாரி கண்ணு அடைச்சுக் கெடந்த மனுசன்தானே. ஆசை வெக்கம் அறியுமா? இப்பச் சொன்னா வீட்டு உரிமை போயிரும். சொல்லலன்னா புருசனே போயிருவாரு. மானமாவது மண்ணாவது!

"றால் தின்னுருக்காருய்யா! இவருக்கு அது சேராது!"

டாக்டரு தொடையில ஊசியப் போட்டாரு. மெள்ள மூச்சு சீராச்சு. ஆத்தியப்பன் கண்ணைக் கீத்தாத் தொறந்து, மொதல்ல என்ன சொன்னாரு தெரியுமா?

"ஒண்ணே ஒண்ணுதாம்ட்டி."

"ஒத்த றாலுக்கா இம்புட்டு வீக்கம்?"ன்னு வெயிலாச்சி அழுதுக்கிட்டே அவரு மண்டையில ஒரு குட்டு வச்சாளாம்.

"சேராத ஒடம்புக்கு ஒண்ணே போதும்மா"ன்னாரு டாக்டரு.

ஊர்ப்பெரியவரு யோசிச்சாராம். "தண்டனைய ஆத்தாளே குடுத்துட்டா, நாம எதுக்கு? உரிமை இருக்கட்டும். ஆனா இவன் வாயை நம்பப்படாது. வெயிலாச்சி மூக்கைத்தான் நம்பணும்."

அன்னையிலேருந்து நம்மூர்ல சாமியாடி கழுத்துல மாலை விழணும்னா, பொண்டாட்டி முன்னால வந்து வாயை மோந்து பாக்கணும். அதுக்குப் பேரே வெயிலாச்சி மோப்பு. அந்நேரம் கொட்டு நிக்கும், குலவை நிக்கும், ஊரே அவ மூக்கைப் பாத்துக்கிட்டு நிக்கும். அவ தலையாட்டினாத்தான் ஆத்தாளே எறங்குவா.