ஆறடிக் கம்பம்

இல்ல சார், இன்னும் பத்து நிமிஷந்தான். அந்த வளைவுல படகு திரும்பினா மணல்திட்டு தெரிஞ்சிரும். என்ன, கீழ முட்டுதா? சாக்கை மடிச்சுப் போட்டு உக்காருங்க. தார்ப்பாயை மட்டும் இழுக்காதீங்க.

கையெழுத்தா? போடலாம், போடலாம். என்ன அவசரம்? இன்னும் மூணு திட்டுக்கு இதே வேலிங்கிறீங்க. திட்டுல முட்டை போடுற ஆலாப் பறவையோட ஒரு குஞ்சைக் கண்ணால பாத்துட்டுப் போடுங்களேன். பேனாவை மூடுங்க சார்.

ஆமா, வேலின்னு சொன்னதே நான்தான். நான் எங்க இல்லைன்னேன்? நாய் நீந்தி வந்து முட்டையைத் தின்னுச்சு. வேலி போட்டோம், நாய் நின்னுச்சு. உங்க திட்டத்துல நாலடிக் கம்பம்னு இருந்தது. மரக்கடைக்காரன்கிட்ட காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் மல்லுக்கட்டி, அதே விலைக்கு ஆறடிக் கம்பம் நாப்பது வாங்கிட்டு வந்தேன். உங்க ஆபீஸ்ல கைதட்டினாங்களே, மறந்துட்டீங்களா? எனக்குத் தலைகால் புரியல அன்னிக்கு.

கூடு எண்ணுறது எங்க அக்கா. கூடப் பொறந்தவ. மணல்ல புதுசா ஒரு முட்டைக்குழி பாத்தா, பக்கத்துல வெள்ளையடிச்ச கல்லு ஒண்ணு வைப்பா. மாசக்கடைசியில கல்லை எண்ணி ஃபாரத்துல எழுதணும். முப்பத்தொண்ணு, அப்புறம் அம்பத்திரண்டு, அப்புறம் எழுபத்திநாலு. உங்க ஆபீஸ் வரைபடத்துல கோடு ஏணி வச்ச மாதிரி ஏறுச்சு. நானும் மீசையை முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அக்காதான் கேட்டா. கல்லு கூடுது, குஞ்சு எங்கடான்னு.

ஏன் சொல்லலையா? சொன்னா சார்! ரெண்டாவது மாசமே சொன்னா. குஞ்சு பூஜ்யம்னு நோட்டுல எழுதியே கொடுத்தா. நான் அந்த நோட்டைப் பிடுங்கி வச்சுக்கிட்டேன். உன்னை எண்ணத்தான் வச்சிருக்கு, புத்தி சொல்ல இல்லன்னு நாலு பேர் முன்னாடி கத்திட்டேன். என் கோபம்தான் ஊரறிஞ்சதாச்சே. அன்னையிலேர்ந்து அவ என்கூடப் பேசல. சம்பளமும் வேணாம்னுட்டா. எண்ணுறதை மட்டும் விடல.

போன வாரம் நானே போய் விடியற்காலையிலேர்ந்து உக்காந்து பாத்தேன். கம்பத்துக்கு ஒரு பருந்து. ஓட்டல்ல பெஞ்சு போட்டு உக்காந்த மாதிரி வரிசையா. ஆறடி மேல இருந்து பாத்தா ஒரு குழி தப்புமா? ஒண்ணு இறங்குது, குஞ்சைத் தூக்குது, திரும்பக் கம்பத்துக்கே வருது. குஞ்சைப் பறிகொடுத்த ஆலா வேற எடத்துல குழி பறிச்சு மறுபடி முட்டை போடுது. அதுக்கும் ஒரு கல்லு! மேல ஏறுச்சே உங்க கோடு, அது பூரா செத்த குஞ்சு சார்.

மூணு மாசத்துக்கு ஒருக்கா பாத்து, தப்புன்னா வழியை மாத்தணும்னு உங்க திட்டத்துலயே இருக்குல்ல? பாத்தோம். கல்லைப் பாத்தோம்.

ஃபோனை வைங்க, இங்க டவர் கிடைக்காது. வேலை போகும்னா போகட்டும். வேலையோடயா பொறந்தேன்? இப்போ அங்க ஒம்பது குழிதான் மிச்சம், இந்த வாரம் பொரிக்கணும். அது போச்சுன்னா இந்த வருஷம் ஒண்ணுமே கிடையாது. அதுக்கு மேல இன்னும் மூணு திட்டு உங்க பேனாவுல இருக்கு.

நாய்க்கு என்ன வழியா? படகுக்காரங்க பத்து பேர்கிட்ட பேசி முடிச்சாச்சு. முறை வச்சுக் காவல். முத முறை அக்கா. அதோ, திட்டுல தடியோட நிக்கிறா பாருங்க. காலையில வாக்கா போலாம்னேன், பேசாம வந்து படகுல ஏறிக்கிட்டா. அவளை அங்க விட்டுட்டுத்தான் உங்களைக் கூப்பிட வந்தேன். இன்னும் பேசல. பேசுவா.

என்ன, அப்படிச் சுத்திச் சுத்திப் பாக்குறீங்க? வேலியா? அங்க இல்ல சார். படகுல ஏறினதுலேர்ந்து நீங்க அதுமேலதான் உக்காந்திருக்கீங்க. பாத்து எழுந்திரிங்க, ஆணி இருக்கு.