கடைசி இரண்டு வரி

— பேர்களைத் தாங்கோ அக்கா. எங்கடை கேள்வி பதில் தாள் ஆர் ஆற்றை வீட்டுக்குப் போகுதோ, அவையின்ரை பேர், ஊர், ஒழுங்கை, எல்லாம் வேணும்.

— அருந்ததி, முதல் கதவைச் சாத்து. பிறகு இரு.

— இருக்க வரேல்லை.

— இந்த ரைப்பிங் கிளாசுக்குள்ளை நீ கால் வைச்ச முதல் நாள் நான் உனக்கு ஒண்டே ஒண்டுதான் சொன்னனான். எதையும் கேள், பேர் மட்டும் கேளாதை எண்டு. சொன்னனானோ இல்லையோ?

— சொன்னனீங்கள் பத்மாசினி அக்கா. நானும் ஓமெண்டு தலையாட்டினனான். இப்ப கேக்கிறன்.

— தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நில்லும், சட்டையிலை மை பட்டிடும். உம்முடை மைதான். கரியையும் தேங்காயெண்ணெயையும் குழைக்கச் சொல்லி நீர் எழுதினீர், நான் குழைச்சன். இப்ப எலியெல்லாம் வந்து தாளை நக்குது. நான் சும்மா சொல்லுறன்.

— கதிரவேலு அண்ணை, பகிடி விடாதையுங்கோ. உந்த ரோனியோ அச்சு மிசினைச் சுத்திறதை நிப்பாட்டுங்கோ.

— இடையிலை நிப்பாட்டினால் ஸ்ரென்சில் காய்ஞ்சிடும் பிள்ளை.

— காயட்டும்!

— நிப்பாட்டும் கதிரவேலு. அவளின்ரை முகத்தைப் பாரும். என்னடி, என்ன நடந்தது?

— கோப்பாயிலை எங்கடை பின்வளவிலை இராசமலர் மாமி இருக்கிறா. புருசன் செத்துப்போச்சு, மூண்டு பிள்ளையள். திங்கக்கிழமை ஆரோ குடுத்த காஸ்ரிக்கிலை சவுக்காரம் காய்ச்சப் போய் முகம் முழுக்க வெந்துபோச்சு. ரெண்டு நாளா ஆஸ்பத்திரியிலை நான்தான் பக்கத்திலை நிக்கிறன்.

— கண்?

— ஒரு கண் பார்வை போயிட்டுது. மற்றதைப் பற்றி டொக்டர் ஒண்டும் சொல்லுறார் இல்லை.

— முருகா.

— சவுக்காரம் எண்டால்... எங்கடை தாளிலை வந்ததோ தங்கச்சி?

— பின்னை ஆற்றை தாளிலை? கடையிலை ஒரு கட்டி சவுக்காரம் இல்லை, பிள்ளையளின்ரை தலையெல்லாம் சிரங்கு, என்ன செய்யலாம் எண்டு ஆரோ 'வழுக்கியாறு' எண்ட பேரிலை துண்டு எழுதிப் போட்டது. பதில் எழுதினது நான். கேக்கிற ஆளும் சொந்தப் பேர் போடுறேல்லை, பதில் சொல்லுற ஆளும் போடுறேல்லை. கோயிலடித் தகரப்பெட்டிக்குள்ளை துண்டைப் போட்டால் அடுத்த மாசம் தாளிலை பதில். நல்ல ஒழுங்கு. இப்ப நான் ஆரிட்டை ஓடிப்போய், கவனம், கிட்டப் போகாதையுங்கோ எண்டு சொல்லுறது?

— நீ கவனமாத்தானே எழுதினனி. ரைப் அடிச்சது நான், எனக்கு நல்ல ஞாபகம். தண்ணிக்குள்ளைதான் காஸ்ரிக் சோடாவைப் போடவேணும், காஸ்ரிக்குக்கு மேலை தண்ணியை ஊத்தப்படாது, கொதிச்சு முகத்துக்கு எறியும் எண்டு விளக்கமா இருந்தது.

— எங்கை இருந்தது?

— தாளிலைதான்.

— தாளிலை எங்கை அக்கா?

— கீழை. கடைசி ரெண்டு வரி.

— கடைசி ரெண்டு வரி! கம்பசிலை இரசாயனம் படிக்கேக்கை எங்களை அப்பிடித்தான் பழக்கினவை. செய்முறை எல்லாம் எழுதி முடிச்சு, கீழை ஒரு கோடு கீறி, 'முன்னெச்சரிக்கை' எண்டு எழுதவேணும். அதுக்கு ரெண்டு புள்ளி. சோதினையிலை ரெண்டு புள்ளிக்கு எழுதிற மாதிரி நான் சனத்துக்கும் எழுதிக் குடுத்திருக்கிறன்.

— கீழை இருந்தால் என்ன? வாசிக்கிறவை கடைசி வரைக்கும் வாசிக்கத்தானே வேணும்.

— மாமிக்கு எழுத்தே தெரியாது. சங்கக்கடையிலை கூப்பன் சாமானுக்குக் கியூவிலை நிண்டு காதாலை கேட்டவ. எங்கடை தாளை ஆர் தனிய வைச்சு வாசிக்கினம்? ஒரு தாளுக்கு நாப்பது, அம்பது பேர். ஒரு பெட்டை பலத்து வாசிக்க, வெயிலுக்குப் பையைத் தலையிலை போட்டுக்கொண்டு மற்றவை கேக்கிறவை. அண்டைக்கு அவள் அடிக்குக் கிட்ட வாசிச்சுக்கொண்டு வரேக்கை கடைக்கதவைத் திறந்திட்டாங்கள். கோதம்பை மா வந்திட்டுது. கியூ கலைஞ்சு எல்லாரும் ஓடியிருக்கினம். மிச்சம் ரெண்டு வரி கேக்க ஒரு குஞ்சும் நிக்கேல்லை.

— மா எண்டால் நானும் ஓடியிருப்பன் தங்கச்சி. இதை நான் சும்மா சொல்லேல்லை.

— வாசிச்ச பெட்டையும் ஓடினவளாம். அவளிலை என்ன பிழை? நானும் அதே கியூவிலை நிக்கிறனான். கதவு திறந்தால் கதை அறுந்துபோம் எண்டு எனக்குத் தெரியாதே? தெரிஞ்சும் கொண்டுபோய்க் கடைசியிலை வைச்சன்.

— மனிசி உன்னிலை கோவமோ?

— கோவிச்சால் நல்லாயிருக்கும். எழுதினது நானெண்டு அவவுக்குத் தெரியாதே. வாய் திறக்கப்படாதெண்டு நீங்கள் போட்ட சட்டம். பஞ்சு வைச்சுக் கட்டின முகத்தை நான் நிக்கிற பக்கம் திருப்பி, "பிள்ளை, நீ படிச்சனி. தாளிலை சொன்ன மாதிரித்தானே எல்லாம் செய்தனான், நான் எதிலை பிழை விட்டனான்?" எண்டு கேக்கிறா.

— நீ என்ன சொன்னனி?

— போர்வையை இழுத்துவிட்டன்.

— சரி, சரி. அழாதை.

— நான் அழேல்லை. எனக்கு விசர் பிடிக்குது.

— அப்ப நான் ஒண்டு கேப்பன், கோவியாதை. உந்தக் கேள்வி பெட்டிக்குள்ளை வந்த அண்டு நான் வேண்டாமெண்டனான். நெருப்பு மாதிரிச் சாமான், அடுப்படிச் சனத்தின்ரை கையிலை குடாதை எண்டனான். நீ என்னோடை எப்பிடிச் சண்டை பிடிச்சனி?

— அது தெரியும்தானே.

— எனக்குத் தெரியும். கதிரவேலுவுக்கும் சொல்லு.

— எங்கடை ஐயா போயிலைக்கு அடிக்கிற பூச்சி மருந்தை வெறுங்கையாலை கலக்கித் திரிஞ்சவர். போத்திலிலை இங்கிலீசிலை எழுதியிருந்தது, அவருக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்துத் தோட்டக்காரர் வாசிக்கத் தெரிஞ்ச மனுசர். நாலு வரிசம் பாத்துக்கொண்டு நிண்டவர், ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஐயாவின்ரை கை ரெண்டும் இப்பவும் நடுங்குது. தெரிஞ்சதை மடியிலை முடிஞ்சு வைச்சிருக்கிறவன்தான் கொலைகாரன் எண்டனான். ஆர் கேட்டாலும் பதில் சொல்லவேணும் எண்டனான்.

— இப்பவும் அப்பிடித்தானோ?

— இப்பவும் அப்பிடித்தான்! நாங்கள் சொல்லாட்டிலும் அதுகள் காய்ச்சியிருக்குங்கள். தங்கடை பாட்டுக்கு எதையோ கலக்கிக் காய்ச்சியிருக்குங்கள். நான் சொன்னது பிழையில்லை. முழுக்கச் சொன்னனான். அதுகளுக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்தது. எந்த இடத்திலை பிழைச்சதெண்டு எனக்கே பிடிபடுதில்லை அக்கா. ரெண்டு நாளா அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலை இருந்து உதைத்தான் யோசிக்கிறன்.

— சரி. பேரை வைச்சு இப்ப என்ன செய்யப்போறாய்?

— சைக்கிளிலை வீடு வீடாய்ப் போறது. மூடிக்கிடந்த பட்டறை ஒண்டிலை காஸ்ரிக் சாக்குகள் கண்டெடுத்தவையாம். வெள்ளிக்கிழமை எல்லாச் சங்கக்கடையிலையும் கூப்பன் கார்ட்டுக்கு அரை றாத்தல் குடுக்கினமாம். எங்கடை தாளைப் பாத்துத்தான் சனம் கேட்டதாம். இண்டைக்குப் புதன். இனி எத்தினை இராசமலர்?

— கொப்பி ஒண்டும் இல்லைப் பிள்ளை.

— பொய் சொல்லாதையுங்கோ.

— பேர் முழுக்க என்ரை தலைக்குள்ளைதான். என்ரை தம்பி வாசிகசாலைக்குச் சந்தா சேர்த்தவன். ஒரு எண்பது பக்கக் கொப்பி. ஆமி ஊரைச் சுற்றிவளைச்ச அண்டு அந்தக் கொப்பிதான் அம்பிட்டது. முதல் பேர் அவன்ரை. அதிலை இருந்த பதினொரு பேரையும் கொண்டுபோனவங்கள், அஞ்சு வரிசமாச்சு. அதுக்குப் பிறகு நான் ஆற்றை பேரையும் எழுதுறதில்லை. வாயாலை சொல்லுறதும் இல்லை.

— எனக்கு அது தெரியாது.

— ஆருக்கும் தெரியாது. இப்பவும் உனக்குத் தரமாட்டன். ஆனால் நானும் கதிரவேலுவும் போவம். அறுபது வீடு. ரெண்டு நாளிலை முடிப்பம்.

— சைக்கிள் ரயர் ஒட்டோடை ஒட்டா இருக்கு ரீச்சர். பரவாயில்லை, உருட்டிக்கொண்டாவது போவன்.

— போவம். ஆனால் ஒண்டு சொல்லு. உன்ரை இராசமலர் அந்த அறுபதிலை ஒரு ஆளோ?

— இல்லை.

— பின்னை? காதாலை கேட்டுப்போட்டு மாவுக்கு ஓடின சனத்தின்ரை பேர் என்ரை தலைக்குள்ளையும் இல்லைப் பிள்ளை.

— அப்ப புதுத் தாள் அடிப்பம். இண்டைக்கே. முதல் வரியிலையே பெரிசாப் போடுவம்.

— இனி அடிக்கப் பதினெட்டுத் தாள்தான் மிச்சம் கிடக்குது தங்கச்சி. அதிலையும் ஒரு பக்கம் பிள்ளையளின்ரை கணக்குச் சோதினை. நான் எண்ணித்தான் சொல்லுறன்.

— வாயாலை சொன்னால் ஆரும் கேக்கிறாங்கள் இல்லை! நேற்று எங்கடை ஐயா கோப்பாய்க் கியூவிலை போய்ச் சொன்னவர். சிரிச்சவையாம். "நடராசா அண்ணை, உமக்குச் சவுக்காரத்தைப் பற்றி என்ன தெரியும், தாளிலை தெளிவாப் போட்டிருக்கு" எண்டவையாம். அச்சிலை வந்தால் அதுதான் வேதம். "எழுதின ஆள் வந்து சொல்லட்டும், அப்ப நம்புறம்" எண்டு ஒருத்தன் கத்தினவனாம்.

— அப்ப எழுதின ஆள் சொன்னால் நம்புவினமோ?

— கதிரவேலு, நீர் வாயை மூடும். அருந்ததி, அதை மனசாலையும் நினையாதை. அந்த ரெண்டு இயக்கப் பெடியள் துவக்கோடை இந்த வாசலிலை வந்து நிண்டதை மறந்துபோனியே? "தாளுக்கு இரசாயனம் எழுதுற ஆள் எங்களுக்கு வேணும்" எண்டவங்கள். அவங்களுக்குச் சவுக்காரம் காய்ச்சவே ஆள் தேவை? ஒரு மாஸ்டர் எழுதினவர், கொழும்புக்குப் போட்டார் எண்டு சொல்லி அனுப்பினனான். ரெண்டாந்தரமும் வந்தவங்கள். ரெண்டாந்தரமும் அதே பொய்.

— தெரியும்.

— தெரியாது உனக்கு. கொண்டுபோய் ஒரு கொட்டிலுக்குள்ளை இருத்துவாங்கள். நீ படிச்ச எல்லாத்தையும் மரியாதையாக் கேப்பாங்கள். எதை எதோடை சேர்த்தால் எத்தினை பேர் சாவினம் எண்டு கேப்பாங்கள். ஆர் கேட்டாலும் பதில் சொல்லவேணும் எண்டியே, அங்கை சொல்லுவியோ?

— சொல்லமாட்டன்.

— சொல்லாமல் இருக்க விடுவாங்களோ?

— தெரியாது.

— இப்ப விளங்குதே?

— ஓம். ஆர் கேட்டாலும் எண்டு நான் கத்தினது பொய். எனக்குப் பிடிச்ச ஆக்கள் கேட்டால் எண்டதுதான் உண்மை. அதைச் சொல்ல அண்டைக்கு எனக்குப் புத்தி இல்லை.

— நான் போய் நானெண்டு சொல்லட்டே தங்கச்சி? எழுதினது கதிரவேலு எண்டு. எனக்கென்ன, பெண்டிலோ பிள்ளையோ?

— கியூவிலை ஒரு கேள்வி கேட்டால் நீங்கள் முழிப்பியள் அண்ணை.

— அதுவும் சரிதான். எட்டாம் வகுப்பு மூஞ்சி, பாத்த உடனை தெரியும்.

— ஆனால் அண்ணை, உந்த ரோனியோவைக் கழட்டி வேறை எங்கையும் கொண்டுபோய் வையுங்கோ. இண்டைக்கே. பெட்டிக்குள்ளை கிடக்கிற துண்டுகளையும் எரிச்சுவிடுங்கோ.

— ஏன் பிள்ளை?

— சொன்னதைச் செய்யுங்கோ. அக்கா, அந்த அறுபது வீட்டையும் விட்டிடாதையுங்கோ. நான் வந்தாலும் வராட்டிலும் போங்கோ. நான் வெளிக்கிடப்போறன்.

— எங்கை?

— முதல் ஆஸ்பத்திரிக்கு. பிழை விட்டது ஆரெண்டு மாமிக்குச் சொல்லவேணும். பிறகு கோப்பாய்ச் சங்கக்கடை, பிறகு தொண்டைமானாறு வரைக்கும் எத்தினை கியூ நிக்குதோ அத்தினையும்.

— விசரி! நில். கதவிலை கை வையாதை. இண்டைக்கு ஒரு முடிவும் எடுக்கவேண்டாம், இரவு படுத்தெழும்பு, நாளைக்கு மூண்டு பேரும் இருந்து ஆறுதலாக் கதைப்பம். இப்ப வரைக்கும் ஒரு சனத்துக்கும் ஒண்டும் தெரியாதுதானே.

— தெரியும் அக்கா. காலமை மானிப்பாய்க் கியூவிலை ஒரு மர வாங்குக்கு மேலை ஏறி நிண்டு, அந்தத் தாளை எழுதினது நான், கோப்பாய் நடராசாவின்ரை மூத்தவள் அருந்ததி எண்டு ரெண்டுதரம் கத்திச் சொல்லிப்போட்டுத்தான் இஞ்சை வந்தனான்.