டத்தோ தேடும் ஆள்

பட்டர்வொர்த் போகும் ஃபெரியில், மேசை விசிறி ஒன்றை மடியில் வைத்திருந்த பெண் பக்கத்தில் இருந்த அக்காவிடம் சொன்னாள்:

“லீக் பண்ணது எங்க ஆபீஸ் பெரியவரு, டத்தோ பட்டம் வாங்கினவரு. யாரு லீக் பண்ணதுன்னு விசாரிக்கிறதும் அவருதான்கா.”

முன் இருக்கைக்காரர் நாளிதழைப் புரட்டுவதை நிறுத்தினார். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் இருந்துகொண்டேன்.

“எங்க ஃப்ளாட்டுக்குப் பின்னால மலைய வெட்ட கையெழுத்துப் போட்டாரே, அந்த ரகசியப் பேப்பரா? எப்படிடி வெளிய வந்துச்சு?”

“ஆபீஸ் குரூப்புக்கு அனுப்புறத, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் குரூப்புக்கு அனுப்பிட்டாரு. ஒருத்தரும் திறந்து பார்க்கல. எல்லாரும் ‘வேல் வேல்’னு போட்டு கும்பிட்டாங்க.”

“அப்புறம்?”

“பதறிப்போய் அழிச்சாரு. ஏன் அழிச்சாருன்னுதான் எல்லாரும் போன்ல தானா இறங்கியிருந்தத தேடிப் படிச்சாங்க.”

“ஆளக் கண்டுபிடிச்சிட்டாரா?”

“மும்முரமா தேடுறாருலா. என்னையும் கூப்பிட்டு, யார் மேல சந்தேகம்னு கேட்டாரு. நானும் அந்தப் பந்தல் குரூப்புலதான் இருக்கேன் டத்தோன்னு சொன்னேன்.”

“ஐயோ! அதுக்கு?”

அவள் ஆபீஸ் மேசையிலிருந்து எடுத்துவந்த அந்த விசிறியைத் தட்டிக் காட்டினாள்.

“பிரமோஷன் குடுத்து, அக்கரையில தூரத்துல இருக்கிற பத்து காவான் ஊரு ஆபீசுக்கு மாத்திட்டாரு. குரூப்புல இருந்தும் தூக்கிட்டாரு. தூக்கினா என்ன? அவரு கையெழுத்து என் போன்ல பத்திரமா இருக்கு.”

“எனக்கு அனுப்புடி.”

முன் இருக்கைக்காரர் நாளிதழை மடித்துவிட்டுத் திரும்பினார்.

“தங்கச்சி, எனக்கும் ஒன்னு அனுப்புங்க. நானும் அந்த மலையடிதான்.”