மூன்று சாவிகளும் என்னிடமே

இந்தக் காலத்தில் யாரென்று தெரியாதவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். கைப்பேசியில் முகத்தைப் பார்த்தால் போதுமாம். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பூனை விஷயமாக விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறீர்கள்; இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

பூனை என் மனைவி ரத்தினம்மா வளர்த்தது. பெயர் சின்னி. ரத்தினம்மா இறந்து ஒன்றரை வருடமாகிறது. அவளுடைய தாலிக்கொடியும் நான்கு வளையலும் தோ பாயோவில் நான் குடியிருக்கும் வீட்டில், சாமி அலமாரிக்குள் இருக்கின்றன.

தஞ்சாவூரில் தம்பி பேத்திக்குக் கல்யாணம். பதினாறு நாள் பயணம். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகள் கவிப்ரியா இரண்டு மாதம் முன்பே ஆரம்பித்துவிட்டாள். "கடைசி நேரத்துல பூனையப் பாத்துக்க ஆள் கிடைக்காதுப்பா. பூனையும் பழகணும்ல." அவளே ஒரு பெண்ணைப் பேசி அனுப்பினாள். ரக்ஷனா என்று பெயர். நல்ல பிள்ளைதான். வந்து தரையில் உட்கார்ந்தாள். சின்னி நேராகப் போய் மடியில் ஏறிக்கொண்டது. என் மடியில் அது ஏறியதே இல்லை. எழுந்து போகும்போது அந்தப் பெண் சாமி அலமாரியை ஒரு தரம் பார்த்தாள். கும்பிட்டிருக்கலாம். மறுநாள் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

மகளிடம், எதிர்வீட்டு ஜரீனா பார்த்துக்கொள்வார் என்றேன். ஜரீனாவிடம், அந்தப் பெண் வருவாள் என்றேன். முப்பது வருடமாக எதிர்வீடு. என் மனைவி படுக்கையில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியவர் அவர். வீட்டுச் சாவி மூன்றையும் நானே வைத்துக்கொண்டேன்.

கிளம்பும் நாள் பெரிய சட்டி நிறைய பூனைச் சாப்பாட்டைக் கொட்டினேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். பிறகு, ஊருக்குப் போகுமுன் இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் செய்வதைச் செய்தேன். வாளிகளைக் கவிழ்த்தேன். பூச்சாடித் தட்டுகளைத் துடைத்தேன். கழிப்பறை மூடியைச் சாத்தி அதன்மேல் அரிசிப் பையை வைத்தேன். கொசு முட்டை இருந்தால் வந்து அபராதம் போடுவார்கள். ஒரு சொட்டு விடவில்லை. அந்தக் கிண்ணத் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டீர்கள். அதை நான் நினைக்கவே இல்லை. கொசுவைத்தான் நினைத்தேன்.

ஆறாம் நாள் ஜரீனா கூப்பிட்டார்.

"அண்ணே, பூனை ரொம்பக் கத்துது. அந்தப் பொண்ண நான் பாக்கவே இல்லையே. பூட்டுக்காரர வரச் சொல்லவா?"

எனக்கு அலமாரி நினைவு வந்தது.

"வேணாம்மா. அந்தப் பொண்ணு வந்துட்டுத்தான் போகுது. ஆளக் காணோம்னு கத்தும்."

ஒன்பதாம் நாள், கல்யாணத்தன்று, மறுபடி கூப்பிட்டார். "இப்பச் சத்தமே இல்லண்ணே. பழகிடுச்சு போல லா." குரலில் அத்தனை நிம்மதி.

எனக்குப் புரிந்தது. நல்லதும்மா என்றேன். பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்னும் ஏழு நாள் பாக்கி. இருந்துவிட்டுத்தான் வந்தேன்.

குளியலறையில், கவிழ்த்த வாளிக்குப் பக்கத்தில் சின்னி செத்துக் கிடந்தது. கழிப்பறைமேல் இருந்த பையை நகத்தால் கிழித்திருந்தது; தரையெல்லாம் அரிசி. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் திறந்தது சாமி அலமாரியை. நகை எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகுதான் பூனையைத் தேடினேன். இதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ரத்தினம்மா படத்தைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

உங்களுக்குப் புகார் எழுதிப் போட்டது என் மகள்தான். அவள் செய்தது சரி. இப்போது என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்: "சாவி ஒண்ணு ஜரீனா ஆன்ட்டிகிட்ட குடுங்க. உங்களுக்கு எழுபத்தெட்டு வயசு. உள்ள விழுந்து கெடந்தா யாரு கதவத் திறப்பா?"

இன்று காலை இங்கே வருமுன் மூன்று சாவிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அழைப்புமணி வரைக்கும் கை போனது. நல்லவர்தான். இருந்தாலும், வீட்டுச் சாவியாயிற்றே. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு மின்தூக்கிப் பக்கம் நடந்துவிட்டேன்.