பழியைக் காக்கையிடமிருந்து மீட்டவள்

என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் அவர்களே! காய்ப்பேறிய கரங்களோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! களையெடுத்த களைப்பையும் களத்திலேயே களைந்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! விதைக் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் என்ற உரிமையோடு உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

மேட்டுநிலத்துக் குடும்பங்கள் முதன்முறையாக நம்மிடம் விதைக்கடலை கேட்டிருக்கின்றன. விதை மட்டும் கொடுப்பதா, அறுவடை வரை உணவும் சேர்த்துக் கொடுப்பதா? இதைத்தான் இன்று முடிவு செய்ய வேண்டும். சோறு போட்டால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று என் சொந்த அண்ணனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதோ, மூன்றாம் வரிசையில் முறைக்கிறார். முறைக்காதே அண்ணா, வீட்டில் வந்து சண்டை போடு.

நமக்கும் ஒரு காலம் இருந்தது. அரசுத் திட்டத்தில் கால்வாய் வந்தது, கடன் வந்தது, கடலை விதையும் வந்தது. முளை வந்ததா? பாதி வயல்களில் வரவில்லை! விசாரிக்க வந்த வேளாண் அதிகாரியிடம், காக்கை கொத்திவிட்டது என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. சிரியுங்கள், சிரியுங்கள், சொன்னவர்கள் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறீர்கள்! அதிகாரி லேசுப்பட்டவரா? விதைக்கும் முன் விதையில் கலக்க வேண்டிய மருந்துப் பொட்டலங்கள், பல வீடுகளில் பிரிக்காமலே கூரையில் செருகியிருந்ததைப் பார்த்துவிட்டார். மருந்தே கலக்காத விதை எப்போது மண்ணுக்குப் போனது, எந்தக் காக்கை வந்து தின்றது என்று கேட்டார். ஆளுக்கொரு பக்கம் நழுவப் பார்த்தோம்.

நழுவாதவள் ஒருத்தி இருந்தாள். கணவனை இழந்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய், நாம் எல்லோரும் வாயாடி என்று செல்லமாய் அழைப்பவள். உண்மையைச் சொன்னால் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள், மறு பருவம் விதை கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் முன்னே வந்தாள்.

"காக்கா மேல பழி போடாதீங்க சார். பிள்ளைங்க பசியில அழுதாங்க, அவிச்சுக் கொடுத்துட்டேன். செடி காய்க்கிற வரைக்கும் வயிறு சும்மா இருக்குமா?"

அந்த அதிகாரி திட்டவில்லை, தாய்மார்களே! நேரே மேலிடத்துக்குப் போய்ச் சண்டையே போட்டார் என்று கேள்வி. மறு பருவம் விதையோடு தானியமும் வந்தது. வருமானமற்ற வீடுகளுக்கு மாத உதவித்தொகையும் வந்தது. அடுப்பு எரிந்தது, விதை தப்பியது! வயிறு நிறைந்தது, வயலும் நிறைந்தது! சோம்பேறி ஆனோமா நாம்? உதவித்தொகை வாங்கிய வாயாடி, இன்று நம் சங்கத்துக்கே விதை விளைவித்துத் தருகிறாளே, அவளா சோம்பேறி? அண்ணா, பதில் சொல்! தலையைச் சொறிகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. கால்வாய் மட்டும் வந்திருந்தால் விதையைத் தின்றே தீர்த்திருப்போம். சோறு மட்டும் வந்திருந்தால் இன்னும் கையேந்திக்கொண்டிருப்போம். இரண்டும் கைகோத்து வந்ததால் அல்லவா, நம்மிடம் இன்று நாலு பேர் நம்பிக் கேட்கிறார்கள்! அதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்?

இன்று காலை கிடங்கு வாசலில் லாரியில் சுமை ஏற்றினார்கள். நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்ற துணிச்சலில், வாயாடி தன் வீட்டுத் தானியத்தை மூட்டை மூட்டையாய்க் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். சுமையேற்றுபவர்கள் அதை அடியில் போட்டு, விதையை மேலே அடுக்கப் போனார்கள். ஓடிப்போய்த் தடுத்தாள்.

"விதைய அடியில போடுங்கப்பா. சாப்பாட்டு மூட்டை மேல இருக்கட்டும். போனதும் அதத்தான் முதல்ல இறக்கணும்."

அவையோரே! அவள் சொன்னபடியே அடுக்கி, லாரி வெளியே நிற்கிறது. அப்படியே புறப்படட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்! ஆகா, ஆகா! தலைவர் அவர்களே, எண்ண வேண்டிய வேலையே இல்லை. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. உயர்ந்து நிற்கும் இத்தனை கைகளுக்கும் என் வணக்கம்! வாசலில் நிற்பவர்கள் கொஞ்சம் வழிவிடுங்கள், லாரி கிளம்பட்டும்.